காலடித் திசை

பதுளை நகரம் மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. நகருக்குள்ளேயே முதியங்கண ரஜமகா விகாரை. புத்தரின் பாதம் பட்டதாகச் சிங்கள பௌத்தர்கள் போற்றும் பதினாறு தலங்களுள் அதுவும் ஒன்று. மாவட்டத்தின் மறுகோடியில், மகாவலிக் கரையோரம், மகியங்கனை. புத்தர் இலங்கைக்கு முதன்முதல் வந்தது அங்கேதான் என்கிறது மகாவம்சம். பௌத்த நினைவில் இந்த ஊவா மாகாணம் அவ்வளவு பழைய மண். பசறை, நமுனுகுல, மடுல்சீமை, ஹாலிஎல, தெமோதரை என்று நகரிலிருந்து எந்தப் பக்கம் ஏறினாலும் தேயிலை. தேயிலைக்குள் லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள். லயங்களில் தமிழர்.

இந்தக் காலத்து வாழ்க்கையில் பௌத்தத்துக்கு என்ன இடம் என்று கேட்டால் பேச்சு உடனே மனத்தின் பக்கம் போய்விடுகிறது. மூச்சைக் கவனி, கோபம் எழுவதைப் பார், பற்றை விடு. எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம் பார்க்க வரும் பயணிகளுக்கு விடுதிகளில் தியானமும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதில் தவறில்லை. துக்கத்தின் வேரை மனத்துக்குள் தேடிக் கண்டவர்தானே புத்தர். ஆனால் வேலை வாங்குகிறவருக்கும் வேலை செய்கிறவருக்கும் நடுவே இருக்கவேண்டிய முறையையும் அவரே வரிசையாக எண்ணிச் சொல்லியிருக்கிறார். ஊவாவில் இருந்துகொண்டு பௌத்தத்தை யோசிப்பவர்கள் அந்த முறையிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பது என் துணிபு.

தீக நிகாயத்தில் சிகாலோவாத சுத்தம் என்று ஓர் உரை இருக்கிறது. ராஜகிருக நகரின் புறத்தே, விடியற்காலையில், சிகாலன் என்ற இளைஞன் தலையும் உடையும் ஈரம் சொட்ட நின்று ஆறு திசைகளையும் கும்பிடுகிறான். கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு, காலடி, தலைக்கு மேல். ஏன் இப்படி என்று புத்தர் விசாரிக்கிறார். அப்பா சாகும்போது சொல்லிவிட்டுப் போனார், அதனால் செய்கிறேன் என்கிறான். புத்தர் அந்தக் கும்பிடலைப் பழிக்கவில்லை. ஒவ்வொரு திசைக்கும் மனிதர்களைக் காட்டுகிறார். கிழக்கே பெற்றோர், தெற்கே ஆசிரியர், மேற்கே மனைவி மக்கள், வடக்கே நண்பர்கள், தலைக்கு மேல் துறவிகள். காலடியில் இருக்கும் திசை, நமக்காக உழைப்பவர்கள். அந்தந்தத் திசைக்கு நீ என்ன செய்யவேண்டும், அது உனக்கு என்ன செய்யவேண்டும் என்று இரு பக்கமும் கடமை சொல்லி, இதுதான் திசைகளைக் காக்கும் வழிபாடு என்று முடிக்கிறார். இல்லறத்தாருக்கான விநயம் என்று மரபு இந்த உரைக்கு உயர்ந்த இடம் கொடுத்திருக்கிறது.

காலடித் திசைக்குச் செய்யவேண்டியவை ஐந்து. வலிமைக்கு ஏற்றபடி வேலை கொடுக்கவேண்டும். சாப்பாடும் கூலியும் கொடுக்கவேண்டும். நோய் வந்தால் பார்த்துக்கொள்ளவேண்டும். அருமையான பண்டம் கிடைத்தால் அவர்களோடு பகிர்ந்து உண்ணவேண்டும். உரிய வேளையில் ஓய்வு விடவேண்டும். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழமை கொண்ட இந்த ஐந்தையும் கையில் எடுத்துக்கொண்டு ஊவாவின் எந்த மலைக்கும் ஏறிப் பார்க்கலாம்.

முதலாவது, வலிமைக்கு ஏற்ற வேலை. கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மலையடியில் நின்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் வரிசையாக நிற்பார்கள். அட்டை கடித்த காலில் இரத்தம் காய்ந்திருக்கும். தராசின் முள் நிலைக்கும்வரை யாரும் பேசமாட்டார்கள். சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, முற்றிய இலைக்கு ஒரு கழிவு. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்பது முன்கூட்டியே எழுதி வைத்த கணக்கு. பல தோட்டங்களில் அது 18 கிலோ, சில இடங்களில் அதற்கும் மேல். எட்டினால் முழு நாள் கூலிக்கான முழுப் பேர், எட்டாவிட்டால் அரைப் பேர். இருபது வயதுக்காரிக்கும் ஐம்பது வயதுக்காரிக்கும் அதே கணக்கு. சமமான மலைக்கும் செங்குத்தான மலைக்கும் அதே கணக்கு. கச்சான் காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களில் வறட்சியால் செடி துளிர்ப்பது குறையும். ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்த தனி மணம் ஏறுவதும் அந்த மாதங்களில்தான். மணத்துக்கு விலை ஏறும் காலமும், கிலோ எட்டாமல் அரைப் பேர் விழும் காலமும் ஒன்றாகவே வருகின்றன.

இரண்டாவது, சாப்பாடும் கூலியும். நாட்கூலி ஆயிரம் ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுக்கணக்காக இழுபட்டு 2021இல்தான் கைக்கு வந்தது. மறு ஆண்டே நாட்டின் பொருளாதாரம் குப்புற விழுந்து, மாவும் அரிசியும் எட்டாத விலைக்குப் போயின. 2024இல் அடிப்படைக் கூலி 1350 ரூபாய் என்று நிர்ணயமானது. இந்தத் தொகைகளுக்குப் பின்னால் இன்னொரு நினைவு இருக்கிறது. 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. அன்று பட்டினி கிடந்து செத்தவர்களும், மலையை விட்டு இறங்கி நகரத் தெருக்களில் கையேந்தியவர்களும் உண்டு. அந்தக் கதையைச் சொல்லும் பாட்டிகள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள்.

பசியைப் பற்றிப் புத்தர் வாழ்க்கையிலிருந்து ஒரு கதையைத் தம்மபத உரை சொல்கிறது. ஆளவி என்ற ஊருக்கு அவர் போதிக்கப் போகிறார். காணாமல் போன எருதைத் தேடி அலைந்த ஏழை உழவன் ஒருவன் களைத்துப்போய்ப் பசியோடு அங்கே வருகிறான். கூட்டம் காத்திருக்கிறது. புத்தர் வாய் திறக்கவில்லை. முதலில் இவனுக்குச் சோறு போடுங்கள் என்கிறார். அவன் உண்டு, மூச்சு வாங்கி, மனம் நிலைகொண்ட பின்புதான் போதனை தொடங்குகிறது. பசித்தவனுக்குத் தத்துவம் சொல்வது அவனைத் துன்புறுத்துவது என்று அறிந்தவரின் மௌனம் அது. தமிழில் இந்த மௌனத்தின் பொருளை முழுதாகப் புரிந்துகொண்டு எழுதியவர் சீத்தலைச் சாத்தனார். மணிமேகலையின் கையில் அவர் கொடுத்தது அமுதசுரபி. அறம் கேட்டுத் துறவு பூணுவதற்கு முன்பே அவள் பசித்தவர்களுக்குச் சோறு இடத் தொடங்கிவிடுகிறாள்.

மூன்றாவது, நோயில் பார்த்துக்கொள்வது. பிள்ளைவலி கண்ட பெண்ணைக் கம்பளியில் கிடத்தி, நான்கு மூலையையும் நான்கு பேர் பிடித்து, பாதை வரை சுமந்து வந்த கதை இல்லாத தோட்டம் ஊவாவில் கிடையாது. அங்கிருந்து கொழுந்து லொறியோ முச்சக்கரவண்டியோ கிடைத்தால் பதுளைப் பெரியாஸ்பத்திரி. இன்று பல இடங்களில் பாதை திருந்தியிருக்கிறது, தாதிமார் வருகிறார்கள். ஆனாலும் மழை பெய்தால் பாதை அறுந்துபோகும் மலைகள் இன்னும் இருக்கின்றன. பாதுகாப்பும் இந்தக் கடமைக்குள் அடங்கும் என்றே நினைக்கிறேன். கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. போக வேறு நிலம் இல்லாதவர்களிடம் எச்சரிக்கை மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

நான்காவது கடமையைப் படித்தபோது நான் நெடுநேரம் அதிலேயே நின்றேன். அருமையான சுவை கிடைத்தால் உழைப்பாளியோடு பகிர்ந்து உண் என்கிறார் புத்தர். கூலியைக் கொடுத்துவிட்டதால் கணக்கு முடிந்துவிடவில்லை, உன் நாவுக்குக் கிடைக்கும் இன்பம் அவன் நாவுக்கும் உரியது என்ற எண்ணம் இதில் இருக்கிறது. ஊவாவின் மணமுள்ள தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய் அங்கிருந்து கப்பலேறுகிறது. லயத்து அடுப்பில் கொதிப்பது பெரும்பாலும் தூள். சாயம் இறங்கும், சீனியும் சேர்த்தால் ரொட்டிக்குத் துணையாகும். தான் பறித்த கொழுந்தின் உண்மையான சுவையை ஒருமுறைகூட அறியாமல் ஓய்வு பெற்றுப் போன பெண்கள் எத்தனையோ பேர். கூலிப் போராட்டங்களில் இதை யாரும் கோரிக்கையாக எழுதுவதில்லை. எழுதாத கோரிக்கையையும் ஒருவர் முன்பே கேட்டு வைத்திருக்கிறார் என்பது எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

ஐந்தாவது, ஓய்வு. இலங்கையில் 1966 முதல் 1971 வரை ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா நாட்களே வார விடுமுறையாக இருந்தன. இன்று பௌர்ணமிப் போயா ஒவ்வொன்றும் அரசு விடுமுறை. காலத்தையே தம்மத்தின்படி பகுக்க முயன்ற நாடு இது. லயத்துப் பெண்ணின் நாளோ விடியுமுன் தண்ணீர் எடுப்பதில் தொடங்குகிறது. ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், மலையேறி, இறங்கி, விறகோடு வீடு வந்து, எல்லோரும் படுத்தபின் படுக்கிறாள். போயா அன்றும் அவள் வீட்டு வேலைக்கு விடுமுறை இல்லை. அந்த ஓய்வைக் கொடுக்கவேண்டியவர்கள் லயத்துக்குள்ளே இருக்கும் ஆண்களான நாங்கள்தாம்.

சுத்தத்தின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். உழைப்பவர்கள் திருப்பிச் செய்யவேண்டியவையும் ஐந்து. முதலாளிக்கு முன் எழுவது, அவருக்குப் பின் படுப்பது, கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொள்வது, வேலையைத் திருந்தச் செய்வது, அவருடைய நற்பெயரை எங்கும் பரப்புவது. தோட்டத்து மக்கள் இந்த ஐந்தையும் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருக்கிறார்கள். முன் எழுந்தார்கள், பின் படுத்தார்கள். கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் திருந்தப் பறித்தார்கள். சிலோன் டீ என்ற பெயரை உலகத்தின் ஒவ்வொரு நகரத்துக்கும் கொண்டுபோனது அவர்களுடைய விரல்கள். ஒப்பந்தத்தின் ஒரு பக்கம் முழுமையாகச் செலுத்தப்பட்டுவிட்டது. மறுபக்கத்தின் ஐந்தும் நிலுவையில் நிற்கின்றன.

நிலுவை யாருடையது என்பதைப் பொறுப்போடு சொல்லவேண்டும். இந்தத் தோட்டங்களைச் சிங்களக் கிராமத்தவர் உருவாக்கவில்லை. 1817, 18இல் கெப்பெட்டிபொலவின் தலைமையில் ஊவா மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். அதை அடக்கிய படைகள் வயல்களையும் குளங்களையும் அழித்துப்போட்டன. 1840இன் சட்டம் உறுதி காட்டமுடியாத நிலத்தையெல்லாம் முடிக்குரியதாக்கிக் கோப்பித் துரைமாருக்கு வழிவிட்டது. கோப்பியை நோய் அழித்தபின் அதே நிலத்தில் தேயிலை வந்தது. நிலத்தை இழந்தவர் கீழே, தென்னிந்தியாவிலிருந்து நிலமே இல்லாமல் கொண்டுவரப்பட்டவர் மேலே. இருவரும் ஒருவரை ஒருவர் ஐயத்தோடு பார்க்கும்படி அந்த ஏற்பாடு அமைந்தது. பிறகு 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மேலே இருந்தவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் சட்டத்தில் தீர 2003 ஆகிவிட்டது. தோட்டங்கள் எழுபதுகளில் அரசின் கைக்கு வந்து, 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. துரைமார், அரசு, கம்பனி என்று கை மாறினாலும் காலடித் திசைக்குரிய ஐந்து கடமைகள் மாறவில்லை. பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுப்பதாக 1972 முதல் அரசியலமைப்பிலேயே எழுதி வைத்திருக்கும் அரசுக்கு அந்தக் கடமை இரட்டிப்பாகிறது.

ஒரு பெயரைச் சொல்லாமல் ஊவாவில் கருணையைப் பற்றிப் பேச முடியாது. பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ. 2000 ஒக்டோபர் 25 காலை, அங்கே அரசின் புனர்வாழ்வு முகாமில் இருந்த 27 தமிழ் இளைஞர்கள் திரண்டு வந்த கும்பலால் கொல்லப்பட்டார்கள். காவலுக்குப் பொலிஸார் இருந்தார்கள். வழக்கு நடந்து, 2005இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு, எவருக்கும் தண்டனை நிலைக்காமலே முடிந்தது. அந்தக் காலையில் புத்தரின் பெயரால் யாரும் ஆணையிடவில்லை. ஆனால் அவர் பெயரைத் தினமும் சொல்லும் ஒரு சமூகத்தின் நடுவே அது நடந்தது. 1983 இனக்கலவரத்தில் தம் வீட்டுக்குள் தமிழரை ஒளித்துவைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களும் அதே சமூகத்தைச் சேர்ந்தவைதாம். தம்மம் எந்த மனத்துக்குள் உண்மையில் இறங்கியிருக்கிறது என்பதை இப்படிப்பட்ட நாட்களில்தான் அறியமுடிகிறது.

ஊவாவின் பௌத்தத்தில் நான் மனமார நேசிக்கும் ஒன்று வெசாக் தன்சல், வருவோர்க்கெல்லாம் சோறிடும் பந்தல். வைகாசிப் பௌர்ணமியன்று மலைகளிலிருந்து பஸ் ஏறி வரும் தோட்டத்துக் குடும்பங்களைப் பதுளைத் தெருக்களில் பார்க்கலாம். வெசாக் கூடுகளின் கீழே பிள்ளைகள் அண்ணாந்து நடப்பார்கள். தன்சல் வரிசையில் யார் எந்த இனம், எந்தத் தோட்டம் என்று கேள்வி இல்லை. சோறு பரிமாறும் பையன் தமிழ்த் தாத்தாவை ‘சீயா’ என்று அழைத்து இன்னொரு கரண்டி வைப்பான். உள்ளன்போடு இடும் சோறு அது. என்றாலும் தன்சலையும் சுத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரிகிறது. தானம் கொடுப்பவரின் மனத்தில் பிறந்து அவருக்குப் புண்ணியமாகிறது. விரும்பினால் கொடுக்கலாம், விரும்பாவிட்டால் இல்லை. உழைப்பாளிக்குரிய ஐந்தையும் புத்தர் தானத்தின் கணக்கில் எழுதவில்லை. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் செய்யும் கடமைகளின் அதே வரிசையில் வைத்தார். பெற்ற தாய்க்குச் சோறு போடுகிறவன் தானம் செய்தேன் என்று சொல்லமாட்டான். கூலியும் வீடும் மருந்தும் ஓய்வும் அந்த வகையைச் சேர்ந்தவை. நம் நாட்டுப் பொதுவாழ்வில் தானம் செழித்திருக்கிறது. கடமையின் பக்கம் இன்னும் வறண்டு கிடக்கிறது.

இதையெல்லாம் பேச ஒரு தமிழனுக்கு என்ன உரிமை என்று கேட்பவர்கள் இரு பக்கமும் உண்டு. அவர்களுக்கு விடை ஊவாவிலேயே இருக்கிறது. கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கி இன்னும் கொஞ்சத் தூரம் போனால் புதுருவகல வரும். ஒரே பாறையில் ஏழு உருவங்கள், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழமை. நடுவில் ஓங்கி நிற்கும் புத்தர். அவருக்குப் பக்கத்தில், சுதைப் பூச்சின் வெண்மை இன்னும் மிஞ்சியிருக்கும் போதிசத்துவர் அவலோகிதேஸ்வரர். பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம், அகத்தியருக்குத் தமிழைக் கற்பித்தவர் இந்த அவலோகிதரே என்கிறது. நம் மொழியின் ஆசிரியர் என்று ஒரு தமிழ் இலக்கணம் வணங்கிய உருவம், கொழுந்து மலைகளின் அடிவாரத்தில் நிற்கிறது. நாக அரசர் இருவர் ஓர் ஆசனத்துக்காகப் போரிட்டதையும் புத்தர் வந்து சமாதானம் செய்ததையும் மகாவம்சமும் சொல்கிறது, மணிமேகலையும் சொல்கிறது. இரு மொழிக்காரரும் ஒரே அறத்தை நினைவில் வைத்திருந்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.

அந்த நினைவை நவீன காலத்தில் உயிர்ப்பித்தவர் அயோத்திதாசர். 1898இல் பிரம்மஞான சபையின் ஆல்காட்டின் துணையோடு இலங்கைக்கு வந்து பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பியவர், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். சாதியின் இழிவைச் சுமந்த மக்களுக்குப் பௌத்தமே பூர்வ சமயம் என்று வாதாடினார். அதே ஆண்டுகளில் அதே கடலைக் கடந்து, அதே சேரிகளிலிருந்து, பெருந்தொகையானோர் கங்காணிமாரின் பின்னால் இந்தத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 1950 மே மாதம், உலக பௌத்தர் மாநாட்டுக்காக அம்பேத்கர் கண்டிக்கு வந்தார். கொழும்பில் பேசும்போது இங்குள்ள தாழ்த்தப்பட்டோர் பௌத்தத்தைத் தழுவவேண்டும் என்று அழைத்தார். தோட்டத் தமிழரான மலையகத்தார் குடியுரிமை பறிபோய் நின்ற நேரம் அது. அழைப்பு லயங்கள் வரை ஏறவில்லை. பௌத்தம் பெரும்பான்மையின் கொடியாக மட்டுமே அவர்கள் கண்ணில் பட்டது. பின்னர் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய ஒடுக்கப்பட்டவர்களுக்கு நாக்பூரில் விடுதலையாக வந்த ஒன்று ஊவாவில் அச்சமாக வந்தது. இதைப் போன்ற இழப்பு நம் வரலாற்றில் அதிகமில்லை.

மதம் மாறச் சொல்லி நான் எழுதவில்லை. மாரியம்மன் திருவிழாவும் காமன் கூத்தும் தப்பின் முழக்கமும் எங்களுடையவை, இருக்கட்டும். அறம் ஒன்று எங்களுக்கும் உரியது என்று தெரிந்துகொண்டால் அது எங்களையும் கேள்வி கேட்கும். பிறப்பால் எவரும் தாழ்ந்தவரில்லை, செயலால்தான் என்று வசல சுத்தத்தில் புத்தர் சொன்னதை ஏற்றால், லயத்துக்குள்ளே சாதி பார்த்துப் பெண் கொடுக்க மறுக்கும் வாய்க்கு இடமில்லை. மதுவை விலக்கும் பஞ்சசீலத்தின் ஐந்தாவதை ஏற்றால், சம்பள நாளில் தவறணைக்குப் போகும் காசு வீட்டுக்குத் திரும்பவேண்டும். கூலிக்காகப் போராடுகிறவன் வீட்டில் கை ஓங்காதவனாகவும் இருக்கவேண்டும்.

அடுத்த பக்கமான சிங்கள பௌத்தர்களிடம் கேட்பதும் தெளிவானது. தஹம் என்னும் பௌத்த அறநெறிப் பாடசாலைகளில் சிகாலோவாதத்தைக் கற்பிக்கிறீர்கள். பசறையிலும் ஹாலிஎலவிலும் அதைக் கற்பிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையைக் காட்டிக் கற்பியுங்கள். நிலமும் வீட்டு உறுதியும் கேட்டு மலையகத்தார் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் தண்ணீர் கொடுத்த சிங்களவர்களும் இருந்தார்கள். தண்ணீர் கொடுத்த அதே கையால் அந்தக் கோரிக்கைக்கு ஆதரவாகவும் எழுதுங்கள். பௌத்த மடங்களுக்கு அரசின் செவி எட்டும் நாடு இது. நிறுவைத் தராசைப் பற்றியும், லயத்தின் கூரையைப் பற்றியும், ஏழு பேர்ச்சஸ் காணியைப் பற்றியும் ஒரு நாயக்க தேரர் தொடர்ந்து பேசினால் தொழிற்சங்கங்கள் பல்லாண்டு கத்தியும் நகராத கோப்புகள் நகரும்.

சிகாலன் ஆறு திசைகளையும் கும்பிட்டான். ஆறில் ஒன்றை விட்டுவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து அச்சம் நுழையும் என்பது அந்த உரையின் உட்பொருள். பல தலைமுறைகளாக ஊவாவில் விடுபட்டிருக்கும் திசை எது என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் காக்கப் புதிய தத்துவமோ புதிய ஆணைக்குழுவோ தேவையில்லை. ஐந்து கடமைகள் முன்பே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. கம்பனி கணக்கில், அரசின் சட்டத்தில், எங்கள் வீட்டு அடுப்படியில் அவற்றைச் செலுத்தத் தொடங்குவதுதான் இனிச் செய்யவேண்டியது.